முடா: ஓசூர் கற்றுக்கொண்ட ஒரு ஜப்பானியச் சொல்

ஓசூரில் தொழிற்சாலைகள் வந்த கதையை எழுதச் சொல்லிச் சில நண்பர்கள் கேட்டிருந்தார்கள். அது பெரிய கதை. நிலம் எடுத்ததிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இன்று அதில் ஒரு சின்ன இழையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 'லீன்' என்று இப்போது தொழிற்சாலைச் சுவரெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்களே, அது நம் பக்கம் எப்படி வந்தது, வந்து என்ன செய்தது என்பதுதான். இரு சக்கர வண்டிகளுக்குத் தகடு பாகங்கள் அடித்துக் கொடுக்கும் ஒரு சிறிய கம்பெனியில் முதலில் ஸ்டோர்ஸிலும் பிறகு உற்பத்திப் பிரிவிலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் நான். புத்தகத்தில் படித்ததும் கண்ணால் பார்த்ததும் கலந்துதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழக அரசு சிப்காட் நிறுவனத்தைத் தொடங்கியது 1971-ல். ஓசூர் அப்போது தர்மபுரி மாவட்டம். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல்தான். கேழ்வரகும் அவரையும் விளைந்த மேட்டு நிலம், மத்திகிரியில் வெள்ளைக்காரன் காலத்துக் கால்நடைப் பண்ணை, குளிர்ந்த காற்று, பேசினால் தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்து வரும் சந்தை. இவ்வளவுதான் ஊர். பெங்களூர் நாற்பது கிலோமீட்டர். பின்தங்கிய பகுதி என்பதால் சலுகைகள் உண்டு. இந்த இரண்டும் சேர்ந்து கம்பெனிகளை இழுத்தன. 1980-ல் அசோக் லேலண்ட் ஆலை வந்தது. அதே ஆண்டு சுந்தரம் கிளேட்டன் இங்கிருந்து டி.வி.எஸ். 50 மொபெட்டை வெளியிட்டது. 1987-ல் டைட்டன் கைக்கடிகாரம் சந்தைக்கு வந்தது. சுற்றுவட்டாரக் கிராமத்துப் பிள்ளைகளைப் பள்ளிப் படிப்பு முடித்த கையோடு அழைத்துப்போய், மயிரிழை கனமுள்ள உதிரிகளைக் கோக்கப் பழக்கினார்கள். மண்வெட்டி பிடித்த வீட்டுப் பிள்ளைகள் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்ததை ஊரே அதிசயமாகப் பேசியது.

அந்தக் காலத்து ஸ்டோர்ஸ் எப்படி இருந்தது என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். சரக்கு அதிகம் இருந்தால் அந்த ஸ்டோர்ஸ் கீப்பர் கெட்டிக்காரர். ஆடிட்டர் வந்தால் ரேக்குகளைக் காட்டிப் பெருமைப்படுவோம். தகடு மூன்று மாதத்துக்கு இருக்கும். போல்ட் நட்டு ஆறு மாதத்துக்கு இருக்கும். எதற்கென்றே தெரியாத சில பெட்டிகள் நான் சேர்வதற்கு முன்பிருந்தே இருந்தன. இதை முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டேன். இரும்பு கட்டுப்பாட்டில் இருந்த காலம் அது. விலையையும் வினியோகத்தையும் அரசு விடுவித்தது 1992-ல்தான். அதுவரை ஒதுக்கீடு வந்தபோது வாங்கி வைக்காதவன் அடுத்த மாதம் பிரஸ்ஸை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பற்றாக்குறையில் வளர்ந்த நாங்கள் பதுக்கி வைத்தோம்.

வேடிக்கை என்னவென்றால், ஜப்பான்காரர்களும் பற்றாக்குறையில்தான் வளர்ந்தார்கள். ஆனால் அவர்கள் அதே பற்றாக்குறையிலிருந்து நேர் எதிரான முடிவுக்கு வந்தார்கள்.

கதை ஒரு தறியில் தொடங்குகிறது. சகிச்சி டொயோடா என்ற தச்சரின் மகன் 1924-ல் ஒரு தானியங்கித் தறியை முழுமையாக்கினார். ஒரு நூல் அறுந்தால் தறி தானே நின்றுவிடும். இது சின்ன விஷயம்போலத் தோன்றும். தறி நிற்காவிட்டால் அறுந்த நூலோடு கெஜக் கணக்கில் கெட்ட துணி நெய்யப்படும்; அதைத் தடுக்க ஒவ்வொரு தறிக்கும் ஓர் ஆள் கண் கொட்டாமல் நிற்க வேண்டும். தறி தானே நின்றால் ஓர் ஆள் பல தறிகளைப் பார்க்கலாம். இந்தக் காப்புரிமையை இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனி 1929-ல் ஒரு லட்சம் பவுண்டுக்கு வாங்கிக்கொண்டது. அந்தக் காலத்தில் இந்திய மில்களுக்கெல்லாம் இயந்திரம் அனுப்பிய அதே பிளாட்தான். டொயோடாவின் மகன் கிஇச்சிரோ காரில் இறங்கினார். 'தேவையானது, தேவையான நேரத்தில், தேவையான அளவு' என்ற எண்ணம் அவருடையது.

போருக்குப் பின் 1950-ல் அந்தக் கம்பெனி திவாலாகும் நிலைக்குப் போனது. விற்காத வண்டிகள் குவிந்து கிடந்தன, சம்பளத்துக்குப் பணமில்லை. ஆட்குறைப்பு, வேலைநிறுத்தம், கடைசியில் கிஇச்சிரோவே பொறுப்பேற்றுப் பதவி விலகினார். இதைக் கண்ணால் கண்டவர் டாய்ச்சி ஓனோ என்ற தொழிற்சாலை மேலாளர். விற்காத சரக்கு ஒரு கம்பெனியை எப்படிக் கொல்லும் என்பது அவருக்கு அனுபவப் பாடம். அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் வாடிக்கையாளர் எடுத்துப்போன அளவுக்கு மட்டுமே அலமாரியை நிரப்புகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அதையே தொழிற்சாலைக்குள் கொண்டுவந்தார். பின் வரிசைக்காரன் அட்டை கொடுத்துக் கேட்டால்தான் முன் வரிசைக்காரன் செய்வான். அந்த அட்டைதான் கான்பன்.

ஓனோ விரயத்தை ஏழாகப் பிரித்தார். தேவைக்கு மேல் செய்வது, காத்திருப்பது, இங்கிருந்து அங்கே தூக்கிச் செல்வது, அவசியமில்லாத வேலையைச் சேர்த்துச் செய்வது, சரக்கைத் தேக்கி வைப்பது, குனிந்து நிமிர்ந்து தேடி நடப்பது, கெட்டுப்போன பாகத்தைச் செய்வது. முதலில் சொன்னதுதான் இருப்பதிலேயே மோசம் என்பார். மற்ற ஆறையும் பெற்றெடுப்பது அதுவே. இந்த விரயத்துக்கு ஜப்பானியச் சொல் 'முடா'. 'லீன்' என்ற பெயரை ஜப்பான்காரர்கள் வைக்கவில்லை. 1988-ல் ஜான் கிராஃப்சிக் என்ற அமெரிக்கர் ஒரு கட்டுரையில் வைத்த பெயர் அது. 1990-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் எழுதிய ஒரு நூல் வழியாக உலகெங்கும் பரவியது. கொழுப்பில்லாத ஒல்லி உடம்பு என்று பொருள். எங்கள் பக்கத்தில் ஒல்லியாக இருப்பவனைப் பார்த்து 'சாப்பாடு இல்லையா?' என்று கேட்பார்கள், அது வேறு விஷயம்.

ஓசூருக்கு ஜப்பான் வந்தது சுசுகி வழியாக. 1982-ல் கூட்டு ஒப்பந்தம், 1984-ல் இந்த் சுசுகி நூறு சி.சி. மோட்டார் சைக்கிள். ஆனால் கூட்டு ஒப்பந்தத்தில் வந்தது பெரும்பாலும் வரைபடமும் இயந்திரமும்தான். வேலை செய்யும் முறை உடனே வரவில்லை. அதற்கு ஒரு நெருக்கடி தேவைப்பட்டது. 1991-ல் பொருளாதாரக் கதவுகள் திறந்தன. வாங்க ஆள் காத்திருந்த சந்தை போய், விற்க நாம் காத்திருக்கும் சந்தை வந்தது. செலவுக் கணக்குப் போட்டு அதன்மேல் லாபம் வைத்து விலை சொன்ன பழக்கம் தலைகீழானது. விலையைச் சந்தை சொல்லும். லாபம் வேண்டுமானால் செலவைக் குறை.

அந்த நேரத்தில் சென்னைப் பாடியில் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவில் வேணு சீனிவாசன் முழுத் தர மேலாண்மையைத் தொடங்கினார். சுடா, வாஷியோ என்ற ஜப்பானியப் பேராசிரியர்கள் வந்து போனார்கள். டெமிங் பரிசு பற்றிச் சொல்ல வேண்டும். 1950-ல் ஜப்பானுக்குப் போய்ப் புள்ளியியல் முறையில் தரம் காப்பது எப்படி என்று பாடம் நடத்திய அமெரிக்கர் டெமிங். அவர் பெயரில் ஜப்பான்காரர்கள் அடுத்த ஆண்டே ஒரு பரிசை ஏற்படுத்தினார்கள். அதை இந்தியாவில் முதன்முதலில் வாங்கியது சுந்தரம் கிளேட்டன், 1998-ல். அடுத்தது ஓசூரின் முறை. 2001-ல் சுசுகியும் டி.வி.எஸ்.ஸும் பிரிந்தன. ஜப்பான்காரன் போய்விட்டால் இவர்களால் தனியாக ஒரு வண்டி செய்ய முடியுமா என்று டீக்கடையில்கூடப் பேசினார்கள். ஊரின் பாதிச் சம்பளம் அந்த வளாகத்தையும் அதற்குப் பாகம் செய்யும் பட்டறைகளையும் நம்பித்தானே இருந்தது! அவர்களே வடிவமைத்த விக்டர் வண்டி அந்த ஆண்டு வந்தது. 2002-ல் டி.வி.எஸ். மோட்டார் டெமிங் பரிசை வாங்கியது. இரு சக்கர வண்டிக் கம்பெனி ஒன்று அதை வாங்குவது உலகத்திலேயே அதுதான் முதல் முறை. பின்னாளில், 2017-ல், அசோக் லேலண்டின் ஓசூர் இரண்டாவது ஆலைக்கும் அந்தப் பரிசு கிடைத்தது.

ஒரு பழைய கதை இங்கே நினைவுக்கு வருகிறது. டி.வி. சுந்தரம் ஐயங்கார் மதுரைப் பக்கம் பஸ் விட்ட காலத்தில், மாட்டு லாடத்து ஆணிகள் ரோட்டில் கிடந்து டயரைக் குத்திக்கொண்டே இருந்தனவாம். பஞ்சர் ஒட்ட இன்னும் நாலு ஆளைப் போடாமல், காந்தம் கட்டிய வண்டி ஒன்றை ரோட்டில் ஓடவிட்டு ஆணிகளைப் பொறுக்கினார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஓனோ கேட்டிருந்தால் இதற்கும் ஒரு ஜப்பானியப் பெயர் வைத்திருப்பார்.

பெரிய கம்பெனி மாறினால் அதற்குப் பாகம் கொடுப்பவனும் மாறியாக வேண்டும். எங்கள் ஷெட்டுக்கும் பயிற்சியாளர் வந்தார். முதல் நாள் வகுப்பில் அவர் விரலை நீட்டி 'முடா! முடா!' என்று சொல்லச் சொல்ல, பின் வரிசையில் இருந்த தேன்கனிக்கோட்டைப் பெரியவர் ஒருவர் முகம் சிவந்து எழுந்துவிட்டார். "ஏன் சார், காலையில இருந்து எங்களை மூடா மூடான்னு திட்டுறாரு, நாங்க என்ன தப்பு பண்ணோம்?" என்றார். விளக்கிச் சொன்ன பிறகு அவரே அதிகம் சிரித்தார். அதன் பிறகு யாராவது ஸ்பேனர் தேடி நடந்தால் "முடா" என்று கூப்பிடுவது ஷெட்டில் வழக்கமாகிவிட்டது.

மாற்றம் தொடங்கியது சிவப்புச் சீட்டில். ஒரு மாதமாகத் தொடாத பொருள் எதுவானாலும் சீட்டு ஒட்டு என்றார்கள். ஒட்டி முடித்தபோது ஷெட்டில் பாதி சிவப்பாக இருந்தது. நான் சேர்வதற்கு முன்பிருந்தே இருந்த அந்தப் பெட்டிகளைத் திறந்தோம்; உற்பத்தியே நின்றுபோன ஒரு மாடலுக்கான பிராக்கெட்டுகள், துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. எடைக்குப் போட்டோம். முதலாளி அன்று மதியம் சாப்பிடவில்லை என்று கேள்வி.

உண்மையான வேலை டை மாற்றுவதில் இருந்தது. பிரஸ்ஸில் ஒரு பாகம் முடிந்து அடுத்ததற்கு டை மாற்ற எங்களுக்கு அரை ஷிப்ட் ஆகும். அவ்வளவு நேரம் ஆவதால்தான் ஒருமுறை மாட்டினால் பத்து நாளுக்கு அடித்துத் தள்ளுவோம். அதனால் சரக்கு தேங்கும். தேங்குவதால் ரேக் வேண்டும், தூக்க ஆள் வேண்டும், கடைசியில் ஒரு பர் இருப்பது தெரிந்தால் பத்து நாள் உற்பத்தியும் போச்சு. எல்லாம் அந்த அரை ஷிப்டிலிருந்து வருகிறது. ஷிகியோ ஷிங்கோ என்ற பொறியாளர் 1969-ல் டொயோட்டாவின் ஆயிரம் டன் பிரஸ்ஸில் நான்கு மணி நேரமான இந்த வேலையை முதலில் ஒன்றரை மணி நேரமாக்கி, பிறகு மூன்று நிமிடத்துக்குக் கொண்டுவந்தார். மந்திரம் ஒன்றுமில்லை. பிரஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யக்கூடிய வேலையை, நின்ற பிறகு செய்யாதே. அடுத்த டையை எடுத்துத் துடைத்துப் பக்கத்தில் வைத்துவிடு. போல்ட்டைப் பத்துச் சுற்று சுற்றாமல் ஒரே திருப்பில் இறுகும் கிளாம்ப் போடு. எல்லா டைக்கும் ஒரே உயரம் வை.

மூன்று நிமிடத்துக்கு நாங்கள் போகவில்லை. ஒரு டீ குடிக்கும் நேரத்துக்கு வந்தோம். டையின் உயரத்தைச் சமமாக்க அடியில் நிரந்தரத் தட்டு பொருத்தலாம் என்று சொன்னது பயிற்சியாளரும் அல்ல, எஞ்சினியரும் அல்ல. இருபது வருஷமாக டை தூக்கி இடுப்பு ஒடிந்த ஒரு ஹெல்பர். "இத்தனை வருஷமா ஏண்ணா சொல்லல?" என்று கேட்டேன். "யாரும் கேக்கலயே சார்" என்றார். நான் பார்த்தவரை இந்த முறையின் மிகப் பெரிய பயன், அவரிடம் ஒருவர் போய்க் கேட்டதுதான்.

இனி கசப்பான பக்கம். வேலை குறைந்தால் ஆள் மிச்சமாவார். அந்த ஆளை என்ன செய்வது? டொயோட்டாவில் 1950-ன் காயத்துக்குப் பிறகு நிர்வாகமும் தொழிற்சங்கமும் சேர்ந்து 1962-ல் ஓர் உடன்பாட்டுப் பிரகடனம் வெளியிட்டார்கள். வேலை நிச்சயம், அதனால் மேம்பாட்டில் ஒத்துழைப்பு என்பது அதன் அடித்தளம். தன் வேலையைத் தானே தின்றுவிடும் யோசனையை எவன் சொல்வான்? இந்த உடன்பாட்டை விட்டுவிட்டு அட்டையையும் சிவப்புச் சீட்டையும் மட்டும் இறக்குமதி செய்த இடங்கள் நம் பகுதியில் உண்டு. எங்கள் முதலாளி மிச்சமான நால்வரை டை பராமரிப்புக்கு மாற்றினார். அது அவருடைய குணம். வேறு சில ஷெட்டுகளில் ஒப்பந்தத் தொழிலாளர்களிடம் சனிக்கிழமை மாலை 'திங்கள் வர வேண்டாம்' என்றார்கள். அதற்கும் லீன் என்றுதான் பெயர் சொன்னார்கள். ஓனோவின் ஏழில் மனிதன் கிடையாது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

இன்னொன்று. பெரிய கம்பெனியில் சரக்குத் தேக்கம் பூஜ்யம் என்று பலகை வைப்பார்கள். அந்தச் சரக்கு மாயமாகிவிடுமா? எங்களைப் போன்ற சின்னவர்களின் வாடகைக் கிடங்கில் இருக்கும். பெயர் வேண்டாம், எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாகம் கேட்டார். பணம் மட்டும் தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை வரும். சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ல் சட்டமே வந்தது. ஆனால் சட்டத்தைக் காட்டிக் கேட்டால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயத்தில் கேட்டவர்கள் குறைவு.

நம் ஊருக்கே உரிய விரயம் ஒன்றும் இருந்தது. எல்லை. ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். பீன்யாவிலிருந்தும் பொம்மசந்திராவிலிருந்தும் பாகம் இங்கே வரும், இங்கிருந்து அங்கே போகும். வழியில் விற்பனை வரிச் சோதனைச் சாவடிகள், படிவங்கள், முத்திரைகள். லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் நின்ற காலம் பலருக்கு நினைவிருக்கும். தொழிற்சாலைக்குள் வினாடிகளைச் சேமித்துவிட்டு வெளியே நாளைத் தொலைத்தோம். இதைச் சரிசெய்தது எந்தக் கைசனும் அல்ல. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்து வரிச் சாவடிகள் எடுக்கப்பட்டன. ஜி.எஸ்.டி.யைத் திட்டுகிறவர்கள் பலர். எனக்கும் சில மனக்குறைகள் உண்டு. ஆனால் அந்த வரிசை போனது நல்லது.

வரி வரிசை போனாலும் அரசியல் வரிசை போகவில்லை. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம். 2000-ல் நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்தி 108 நாள் வைத்திருந்தபோது, தொடக்க நாள்களில் போக்குவரத்து நின்றது. 2016 செப்டம்பரில் மறுபடியும் காவிரி. பெங்களூரில் தமிழகப் பதிவெண் பஸ்கள் எரிந்தன. மக்கள் மூட்டை முடிச்சோடு எல்லையை நடந்து கடந்தார்கள். பிறகு 2020 மார்ச் ஊரடங்கு. ஒவ்வொரு முறையும், மூன்று மணி நேரச் சரக்கோடு ஒல்லியாக இருந்த லைன்தான் முதலில் நின்றது. பழைய மாதிரி ரேக் நிறைய வைத்திருந்த 'பிற்போக்கு' பட்டறைக்காரர் ஒருவர் 2016-ல் அந்த வாரம் முழுக்க ஓட்டினார். அவரைக் கேலி செய்தவர்களே அவரிடம் கடன் கேட்டுப் போனார்கள்.

நம் விவசாயிகளுக்கு இது புதிதல்ல. ஓசூர் ரோஜாவை எவனும் சேர்த்து வைப்பதில்லை. காதலர் தின ஆர்டருக்கு எந்த நாளில் கவாத்து செய்ய வேண்டும் என்று பின்னாலிருந்து கணக்குப் போட்டு வெட்டுகிறார்கள். அதே மனிதரின் தாத்தா கேழ்வரகைத் தரையில் குழி வெட்டி மூடி வைப்பார். கன்னடக்காரர்கள் ஹகேவு என்பார்கள். ஆண்டுக்கணக்கில் கெடாது. மழை பொய்த்த வருஷம் அந்தக் குழிதான் ஊரைக் காப்பாற்றும். ரோஜாவுக்குக் குழி வெட்டினால் முடா. கேழ்வரகுக்கு அப்படியில்லை.

டொயோட்டாவே இதைக் கற்றுக்கொண்டது. 2011 பூகம்பத்தில் சிப்புகள் கிடைக்காமல் தவித்த பிறகு, குறிப்பிட்ட சில மின்னணு உதிரிகளை மட்டும் இரண்டு முதல் ஆறு மாதம் வரை இருப்பு வைக்கும்படி சப்ளையர்களிடம் சொல்லிவிட்டார்கள். 2021-ல் உலகம் முழுக்கக் கார்க் கம்பெனிகள் சிப் இல்லாமல் நின்றபோது, தொடக்கத்தில் அதிகம் அடிபடாமல் தப்பியது, சரக்கே வைக்காதே என்று உலகுக்குச் சொல்லிக்கொடுத்த அதே கம்பெனிதான்.

மத்திய அரசு 2009-ல் சிறு தொழில்களுக்கு லீன் திட்டம் ஒன்றை முன்னோட்டமாகத் தொடங்கியது. ஏறத்தாழப் பத்துக் கம்பெனிகள் ஒரு குழுவாகச் சேர்ந்தால் ஆலோசகர் செலவில் 80 சதவீதத்தை அரசு தரும். 2023 மார்ச்சில் அதைப் புதுப்பித்து 90 சதவீதம் ஆக்கியிருக்கிறார்கள். இப்போது போச்சம்பள்ளிப் பக்கம் மின்சார ஸ்கூட்டர், ஓசூரை அடுத்துக் கைப்பேசி உதிரிகள் என்று புதுத் தொழிற்சாலைகள். ஆயிரக்கணக்கில் பெண் பிள்ளைகள் பஸ்ஸில் போய் வருகிறார்கள். எங்கள் தெருப் பெண் ஒருத்தி அப்படிப் போகிறாள். ஒரு நாள் அவளிடம் பேச்சுக் கொடுத்தேன். ஒரு திருகை எடுக்கக் கை எவ்வளவு தூரம் நீள வேண்டும் என்றுகூட அளந்து வைத்திருக்கிறார்களாம். "அந்த டப்பாவை இன்னும் கொஞ்சம் கிட்ட வெச்சா தோள் வலிக்காது தாத்தா" என்றாள். லைன் லீடரிடம் சொன்னாயா என்று கேட்டேன். எழுதிப் போட ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள், போட்டிருக்கிறேன், பார்க்கலாம் என்றாள்.